வெட்டாமல் விட்ட ஒரு அங்குலம்: ரொட்டவேட்டர் ஷாப்ட் விபத்து ஒன்றின் ஆய்வு

நுவரெலியாப் பக்கத்தில், கந்தப்பளையிலிருந்து ராகலைக்குப் போகும் பாதைக்கு மேற்புறம், தேயிலை மலை முடிந்து மரக்கறித் தோட்டம் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது அந்த நிலம். உருளைக்கிழங்கு நடுகைக்காக, டிராக்டருக்குப் பின்னால் மாட்டிய ரொட்டவேட்டரின் சுழலும் கத்திகளால் மண்ணைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னால் கல் பொறுக்கிக்கொண்டிருந்த பையனின் வலது கை, டிராக்டரின் சுழற்சியை ரொட்டவேட்டருக்குக் கொண்டுபோகும் ஷாப்டில் சிக்கியது. முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்தன. தோல் ஒரு பக்கமாக உரிந்துவிட்டது. கை தப்பியது, ஆனால் இரண்டு விரல்கள் இன்றுவரை மடங்குவதில்லை. அவனுக்கு வயது 22.

மறுநாள் காலை மெஷினைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். இந்தப் பக்கத்தில் பண்ணை இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். லயத்திலும் கடைத்தெருவிலும் இந்த விபத்துக்கு ஒரே விளக்கம்தான் ஓடிக்கொண்டிருந்தது: "மழைக் கோட்டைப் போட்டுக்கிட்டு அவன் ஏன் கிட்ட போனான்?" மெஷினைப் பார்த்த பிறகு அந்த விளக்கத்தை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கோட்டு சிக்கியது கடைசி விநாடியில். விபத்து அதற்கு ஏழு மாதத்துக்கு முன்பே, ஷாப்டை வெட்டிய அன்றே தொடங்கிவிட்டது. நான் பார்த்ததையும் அளந்ததையும் அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அன்று காலை

பத்து மணி இருக்கும். பனிமூட்டம் விலகவில்லை, தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பையன் உள்ளே ஜேர்சியும் மேலே கை நீளமான பிளாஸ்டிக் மழைக் கோட்டும் போட்டிருந்தான். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். கந்தப்பளைக் குளிரும் அதற்குக் குறைந்ததில்லை. இந்தக் குளிரில், இந்த மழையில், உடம்போடு ஒட்டிய உடுப்பில் வேலை செய் என்று யாருக்கும் சொல்ல முடியாது. கொழுந்து எடுக்கிறவர்கள் இடுப்பில் படங்கு கட்டுகிறார்கள். மரக்கறித் தோட்டத்தில் ஜேர்சி, கோட்டு, மப்ளர் என்று இரண்டு மூன்று அடுக்கு இருக்கும். மலைநாட்டில் மெஷினுக்குக் கிட்ட வருகிற எவரும் தளர்வான துணியோடுதான் வருவார்கள். அதை மனதில் வைத்துத்தான் மெஷினை மாட்ட வேண்டும்.

ஓட்டியவர் பல வருடம் லொறி ஓட்டிய அண்ணன். நிதானமானவர். மலைச்சரிவில் படிபோல் வெட்டிய தட்டின் முடிவுக்கு வந்ததும் திருப்புவதற்காக ரொட்டவேட்டரைத் தூக்கினார். பி.டி.ஓ., அதாவது கருவியை ஓட்டுவதற்காக டிராக்டரின் பின்புறம் சுழலும் தண்டு, ஓடிக்கொண்டேயிருந்தது. தூக்கும்போது ஷாப்டிலிருந்து டக டக என்று சத்தம் வந்தது. அது பல வாரமாக வந்துகொண்டிருந்த சத்தம்தான். அன்று கொஞ்சம் கூடுதலாகக் கேட்டிருக்கிறது. "அண்ணே, சத்தம் கூடியிருக்கு" என்று சொல்லிக்கொண்டே பையன் பக்கவாட்டில் வந்து குனிந்து பார்த்தான்.

கோட்டின் கை விளிம்பு எதிலோ மாட்டியது. பிளாஸ்டிக் கோட்டு தோளோடு கிழிந்துவிட்டது. ஆனால் கிழிவதற்குள் கையை உள்ளே இழுத்திருந்தது. பின்னிய ஜேர்சி கிழியாது. அதுதான் கையைச் சுற்றிக்கொண்டது.

பக்கத்துத் தட்டில் நின்றவர்கள் ஓடிவந்தபோது இன்ஜின் நின்றிருந்தது. ஒருவர் ஷாப்டைப் பின்பக்கமாகச் சுற்றிக் கையை எடுக்கப் பார்த்திருக்கிறார். நிலத்துக்காரரின் தம்பி அவரைத் தடுத்து, லீக்ஸ் வெட்டும் கத்தியால் ஜேர்சிக் கையை நீளமாக அறுத்துவிட்டார். அது மிகச் சரியான வேலை. முறிந்த எலும்போடு ஷாப்டைத் திருப்பியிருந்தால் நரம்பும் இரத்தக்குழாயும் என்ன ஆகியிருக்குமோ. சுத்தமான துணியால் இறுக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டு 1990க்கு அழைத்தார்கள். இலவச அம்புலன்ஸ் பாதையில் நிற்க, பையனைக் கைத்தாங்கலாகக் கீழே இறக்கிக்கொண்டு போனார்கள்.

ஒரு விநாடிக்கு ஒன்பது சுற்று

ரொட்டவேட்டர் ஓடும் பி.டி.ஓ. வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. அதாவது விநாடிக்கு 9. துணி மாட்டிய ஷாப்டின் தடிப்பை 7 சென்டிமீட்டர் என்று வைத்தால், ஒரு சுற்றில் 22 சென்டிமீட்டர் துணி உள்ளே போகும். விநாடிக்குக் கிட்டத்தட்ட 2 மீட்டர். ஒரு சட்டைக் கையின் நீளம் 60 சென்டிமீட்டர்தான். மாட்டிவிட்டது என்று மூளைக்குத் தெரிந்து கையை இழுக்க நினைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். "டக்கென்று இழுத்திருக்கலாமே" என்று சொன்னவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் தரையில் குச்சியால் எழுதிக் காட்டினேன்.

ஓட்டுநர் அண்ணனையும் சிலர் குறை சொன்னார்கள். அலறல் கேட்டதும் அவர் கிளட்சை மிதித்தார், பிரேக்கையும் மிதித்தார். சக்கரம் நின்றது. ஷாப்ட் நிற்கவில்லை. அந்த டிராக்டரில் இருப்பது இரட்டைக் கிளட்ச். பாதி மிதித்தால் சக்கரத்துக்குப் போகும் இழுவை மட்டும் அறும். அடிவரை மிதித்தால்தான் பி.டி.ஓ. அறும். தட்டின் ஓரத்தில், கீழே ஆறடிப் பள்ளம் இருக்கும்போது, லொறி ஓட்டிப் பழகிய கால் பாதி மிதித்ததும் வண்டி நின்றுவிட்டது என்று நினைத்தது. மறுபடி முழுவதும் மிதிக்க இன்னும் ஒன்றரை விநாடி ஆகியிருக்கும் என்று அவரே சொன்னார். அதன்பிறகும் தூக்கி நின்ற ரொட்டவேட்டர் தன் வேகத்தில் கொஞ்சம் சுற்றித்தான் நின்றது.

டிராக்டரைக் கொடுத்தவர்களோ வாங்கியவர்களோ இந்தக் கிளட்சைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. கியர், ஹைட்ரோலிக் கம்பி, டீசல் எல்லாம் காட்டியிருக்கிறார்கள். அலறல் கேட்டால் கால் எதுவரை போக வேண்டும் என்று காட்டவில்லை.

ஷாப்டைக் கழற்றிப் பார்த்தபோது

கோட்டை மாட்டிய அந்த 'எதுவோ' ஒரு போல்ட். ஷாப்டின் முனை டிராக்டர் தண்டில் ஏறி உட்கார்ந்ததும் பூட்டிக்கொள்வதற்கு ஸ்பிரிங் வைத்த 'பின்' (pin) ஒன்று இருக்கும். அமுக்கிக்கொண்டு தள்ளினால் தண்டின் பள்ளத்தில் டிக்கென்று விழும். இங்கே அந்தப் பின் இல்லை. அதன் துளையில் சாதாரண போல்ட் ஒன்றைப் போட்டு நட் இறுக்கியிருந்தார்கள். நட்டுக்கு வெளியே 3 சென்டிமீட்டர் நீளத்துக்கு மரை நீட்டிக்கொண்டிருந்தது. மரையின் பள்ளங்களில் நீலப் பிளாஸ்டிக் நார் இன்னும் ஒட்டியிருந்தது. விநாடிக்கு ஒன்பது தடவை சுற்றும் ஒரு கொக்கி அது. சுற்றும்போது கண்ணுக்கே தெரியாது. பனிமூட்டத்தில் இன்னும் தெரியாது.

ஷாப்டுக்கு மேலே கவரே இல்லை. டிராக்டர் தண்டுக்கு மேல் இருக்க வேண்டிய இரும்புக் கூடும் இல்லை.

"கவர் எங்கே?" என்று நிலத்துக்காரரைக் கேட்டேன்.

"கவர் நீளமா இருந்திச்சு பாஸ். மாட்டினா இடிச்சுது. கழட்டி ஸ்டோருக்குள்ள வச்சிருக்கேன்."

"பின்?"

"அது ரெண்டு தடவை உடைஞ்சுது. மூணாவது தடவை போல்ட் போட்டுட்டோம்."

இரண்டு பதிலும் பொய் இல்லை. இரண்டுக்கும் ஒரே வேர். கவர் ஏன் நீளமாக இருந்தது, பின் ஏன் உடைந்துகொண்டே இருந்தது என்று கேட்டுக்கொண்டே போனபோதுதான் விஷயம் பிடிபட்டது.

ரொட்டவேட்டர் புதிது, நான்கடி அகலம். ஷாப்ட் மட்டும் பொலன்னறுவைப் பக்கத்தில் வயல் உழுத பெரிய டிராக்டர் ஒன்றிலிருந்து பழையதாக வாங்கியது. இரண்டு முனையிலும் 6 பல் உள்ள தண்டுக்கானது, தண்டின் தடிப்பு ஒன்றும் எட்டில் மூன்றும் அங்குலம், அதாவது 35 மில்லிமீட்டர். 540 சுற்றுக்கு உலகம் முழுக்கப் பெரும்பாலும் இதே அளவுதான். சிறிய டிராக்டருக்கும் இதுதான், பெரிய டிராக்டருக்கும் இதுதான். நல்ல ஏற்பாடு, ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. பல் பொருந்திவிட்டால் ஷாப்டே பொருந்திவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். நீளம் பொருந்த வேண்டும் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

சிறிய டிராக்டருக்கு அந்த ஷாப்ட் நீளம். மாட்டவே முடியவில்லை. அதனால் ஷாப்டை மட்டும் ஓட்டோவில் போட்டு ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய், "கொஞ்சம் வெட்டித் தாங்க" என்று கேட்டிருக்கிறார்கள். பட்டறைக்காரர் கேட்ட அளவுக்கு இரும்பை வெட்டிக் கொடுத்தார். டிராக்டர் மலையில் நின்றது, ரொட்டவேட்டரும் மலையில் கிடந்தது. அவர் எதை வைத்து அளப்பார்? பிளாஸ்டிக் கவரை வெட்டச் சொல்லவில்லை, அவரும் வெட்டவில்லை. வெட்டிய இரும்புக்கு வெட்டாத கவர் நீளமாகத்தானே இருக்கும்.

குறுகலான இடம் தரையில் இல்லை

டிராக்டர் ஷாப்ட் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு பாதிகள். கருவி ஏறி இறங்கும்போது நீண்டு சுருங்கிக் கொடுப்பதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். எவ்வளவு சுருங்கினாலும் கடைசியில் 2.5 சென்டிமீட்டர், ஒரு அங்குலம், இடம் மிஞ்ச வேண்டும். எவ்வளவு நீண்டாலும் வேலை செய்யும்போது குழாய் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தால் நீளம் சரி.

ரொட்டவேட்டரைத் தரையில் வைத்து இரு தண்டுகளின் பூட்டுப் பள்ளங்களுக்கு இடையே அளந்தேன். 64.5 சென்டிமீட்டர். ஷாப்டை முழுவதும் சுருக்கி அளந்தேன். 61. மூன்றரை சென்டிமீட்டர் இடம் இருக்கிறது, அப்படியானால் குறை இல்லை என்று தோன்றும். அவர்களும் தரையில் வைத்துத்தான் மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். சுலபமாக ஏறியது என்று சொன்னார்கள்.

பிறகு ரொட்டவேட்டரை மெதுவாகத் தூக்கினேன். அதன் தண்டு டிராக்டர் தண்டுக்கு நேர் கோட்டில் வந்த இடத்தில் நிறுத்தி, கீழே மரக்கட்டை கொடுத்து, இன்ஜினை அணைத்து, மறுபடி அளந்தேன். 61.

ஒரு மில்லிமீட்டர் இடமில்லை. உள்ளே மண்ணும் காய்ந்த கிரீஸும் சேர்ந்தால் அதுவும் போய்விடும். தூக்குகிற ஒவ்வொரு தடவையும் ஷாப்ட் அந்த நேர் கோட்டைத் தாண்டும்போது முட்டுகிறது. வெளிக்குழாயின் வாயும் அது முட்டும் யோக்கின், அதாவது குழாய் முனையில் மூட்டைப் பிடிக்கும் கவையின், கழுத்தும் வெள்ளி மாதிரிப் பளபளத்தன. மற்ற இடமெல்லாம் துரு. எங்கே முட்டுகிறது என்று ஷாப்டே ஏழு மாதமாகக் காட்டிக்கொண்டிருந்தது.

முட்டும் இரும்பு தன் விசையை எங்காவது கொண்டுபோய் இறக்க வேண்டும். முன்பக்கம் பூட்டுப் பின்னில் இறக்கியது, பின் உடைந்தது. டிராக்டரின் பின்புறத் தண்டின் பெயரிங்கில் இறக்கியது, ஒயில் சீல் கசிந்துகொண்டிருந்தது. "சீல் ரெண்டு தடவை மாத்திட்டோம்" என்று அதையும் தனிக் கோளாறாகத்தான் சொன்னார்கள்.

இதில் நம் மலைக்கே உரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. பொலன்னறுவை வயலில் ஒரு கோடு உழுதால் நீளமாகப் போகலாம், தூக்குவது குறைவு. இங்கே ஒரு தட்டு பதினைந்து மீட்டர், மிஞ்சினால் இருபது. அதற்குள் கட்டு வந்துவிடும், அல்லது தண்ணீர் ஓடும் கான் வந்துவிடும். ஒரு நாளைக்கு நூறு தடவைக்கு மேல் தூக்கி இறக்க வேண்டும். அங்கே வருடக் கணக்கில் தெரியாமல் இருக்கக்கூடிய பிழை இங்கே சில வாரத்தில் பின்னை உடைத்துவிடுகிறது.

அந்த டக டக சத்தத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கிராஸ் (சிலுவை வடிவ இரும்பு) வைத்த மூட்டு கோணலாகச் சுற்றும்போது ஒரே சீராகச் சுற்றாது. 30 பாகை கோணத்தில் 540 சுற்று உள்ளே போனால், மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை 468க்கும் 624க்கும் இடையே கூடிக் குறையும். இரண்டு முனையிலும் கோணம் சமமாக இருந்தால் ஒரு மூட்டின் ஆட்டத்தை மற்ற மூட்டு சரிக்கட்டிவிடும். ரொட்டவேட்டரை உச்சிவரை தூக்கினால் அது முன்னோக்கிச் சாய்ந்து அந்தச் சமம் கெட்டுவிடுகிறது. இரண்டு உள் யோக்குகளும் ஒரே நேராக நிற்க வேண்டும் என்பதும் இதற்காகத்தான். சதுரக் குழாயைக் கால் சுற்றுத் தவறி மாட்டினால் ஆட்டம் இரட்டிப்பாகும். இந்த ஷாப்டில் யோக்குகள் சரியாகவே இருந்தன.

எதிர்ப் பிழையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மாட்டுப் பட்டிக்காரர்கள் சி.ஓ. 3 தீவனப் புல் வெட்டும் மெஷினை டிராக்டரோடு மாட்டும்போது, தூரத்தை அளக்காமல் கண்ணளவில் வண்டியை நிறுத்திவிட்டு ஷாப்டை இழுத்து நீட்டி மாட்டுகிறார்கள். உள்ளே நாலு விரல் நீளம்தான் பிடித்துக்கொண்டிருக்கும். கழன்றால் ஒரு பாதி இரும்புத் தடியாகச் சுழன்று அடிக்கும். இழுத்துச் செல்லும் டேங்க் போன்றவற்றுக்கு வளைவில் திரும்பும்போது ஷாப்ட் எவ்வளவு சுருங்குகிறது என்று பார்க்க வேண்டும். அங்கே குறுகலான இடம் அதுதான்.

மறுபடி மாட்டியது

அதே ஷாப்டைத்தான் சரிசெய்தோம். கிராஸ் பெயரிங்குகள் நல்ல நிலையில் இருந்தன. குழாய் முறுகவில்லை. முறுகியிருந்தால் தூக்கி எறியச் சொல்லியிருப்பேன்.

சாவியை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஷாப்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை டிராக்டரிலும் மறு பாதியை ரொட்டவேட்டரிலும் மாட்டினோம். ரொட்டவேட்டர் அந்த நேர் கோட்டு உயரத்தில் மரக்கட்டை மேல் உட்கார்ந்திருந்தது. இரண்டு பாதிகளையும் பக்கம் பக்கமாகப் பிடித்துப் பார்த்தால் எங்கே முட்டும் என்று கண்ணுக்கு நேராகத் தெரியும். பையனின் மாமாதான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். முட்டும் இடத்திலிருந்து 2.5 சென்டிமீட்டர் உள்ளே கோடு கீறினேன். உள்குழாயில் வெட்டிய அதே அளவை வெளிக்குழாயிலும் வெட்ட வேண்டும். ஒன்றை மட்டும் வெட்டினால் பயனில்லை, மற்றது போய் முட்டும்.

ஹெக்ஸோ பிளேடால் வெட்டினோம். வெட்டிய வாயில் உள்ளேயும் வெளியேயும் பிசிறு நிற்கும். அதை அரத்தால் வழித்துத் துணியால் இரும்புத் தூளைத் துடைத்து எடுக்காவிட்டால், குழாய் ஒன்றையொன்று கீறிப் பிடித்துக்கொள்ளும். பிறகு உள்குழாய் முழுக்கக் கிரீஸ் பூசி நுழைத்தோம். விரலால் தள்ளினாலே வழுக்கிப் போனது. சுருங்கிய நீளம் இப்போது 58.5. உழும் ஆழத்துக்கு இறக்கினால் பள்ளங்களுக்கிடையே 66. அப்போதும் 42 சென்டிமீட்டர் குழாயில் 34 உள்ளே இருக்கிறது. தாராளம்.

ஸ்டோருக்குள் கிடந்த கவர் வெடித்திருந்தது. புதுக் கவர் வாங்கச் சொன்னேன். அதன் இரு குழாய்களையும் இரும்புக்குத் தக்கபடி வெட்டினோம். கவர் ஷாப்டோடு சேர்ந்து சுற்றக் கூடாது. அதற்குத்தான் இரண்டு முனையிலும் சங்கிலி. முன் சங்கிலியை டிராக்டர் உடம்பிலும் பின் சங்கிலியை ரொட்டவேட்டர் உடம்பிலும் கொளுவினோம். தூக்கும் கையில் கொளுவக் கூடாது, அது நகரும். தூக்கி இறக்க இடம் கொடுக்கும் அளவு தளர்வு வேண்டும், தரையில் தொங்கும் அளவுக்கு வேண்டாம். ஷாப்டைக் கழற்றி வைக்கும்போது அந்தச் சங்கிலியில் தொங்கவிடவும் கூடாது.

கவர் சரியா என்று பார்க்க இன்ஜினை நிறுத்தி, சங்கிலியைக் கழற்றி, கவரைக் கையால் சுற்ற வேண்டும். உள்ளே ஷாப்ட் நிற்க, கவர் மட்டும் தனியாகச் சுற்றினால் நல்ல கவர். இறுகியிருந்தால், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பெயரிங்குக்குக் கிரீஸ் வேண்டும், அல்லது அது தேய்ந்துவிட்டது. எட்டு மணி நேர வேலைக்கு ஒரு தடவை கிராஸுக்குக் கிரீஸ் அடிக்கும்போதே இதையும் பார்த்துவிடலாம்.

பூட்டுக்குப் புது ஸ்பிரிங் பின் போட்டோம். டிக்கென்ற சத்தம் கேட்டபிறகும் ஷாப்டைப் பின்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். பாதி மட்டும் விழுந்தாலும் அந்தப் பின் சத்தம் போடும். தண்டுக்கு மேல் வைக்கும் இரும்புக் கூட்டைத் தகட்டில் வளைத்துப் பழைய போல்ட் துளைகளிலேயே மாட்டினேன்.

ஹைட்ரோலிக் கம்பியில் ஒரு தடுப்பு வைத்தோம். ரொட்டவேட்டரின் கத்தி மண்ணை விட்டு ஒரு சாண் உயர்ந்தால் போதும். அதற்கு மேல் தூக்க வேண்டுமானால் பி.டி.ஓ.வை அறுத்துவிட்டுத்தான் தூக்க வேண்டும். ஓட்டுநர் அண்ணன் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, நான் கை தட்டும்போதெல்லாம் கிளட்சை அடிவரை மிதித்துப் பழகினார். இருபது தடவை செய்தார். நான் போதும் என்று சொன்ன பிறகும் அவர் நிறுத்தவில்லை.

கல் பொறுக்குவதை உழுவதற்கு முன்னால் வைத்துக்கொள்ள நிலத்துக்காரர் ஒப்புக்கொண்டார். உழும்போது கல் மேலே வந்தால், ஓட்டுநர் பி.டி.ஓ.வை அறுத்து, இன்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குவார். ஷாப்ட் நின்றதைக் கண்ணால் பார்த்தபிறகுதான் மற்றவர்கள் கிட்ட வர வேண்டும். ஒரு தட்டுக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகிறது என்றார். ஆகட்டும் என்றேன்.

மொத்த வேலைக்கும் ஒரு பகல் போனது. அளந்து வெட்டியதற்கு மட்டும் அரை மணி.

பையன் கட்டு அவிழ்த்த பிறகு ஒருநாள் நிலத்துக்கு வந்தான். மெஷின் நின்றிருந்தது. கொஞ்ச நேரம் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, கிட்ட வந்து இடது கையால் கவரைத் தொட்டுச் சுற்றிப் பார்த்தான். "இது அப்பவே இருந்திருக்கணும்" என்றான். எனக்குப் பதில் வரவில்லை.

அந்தப் பாதையில் இதே மாதிரி பழைய ஷாப்ட் வாங்கி வெட்டிய இன்னும் இரண்டு பேர் இருப்பதாக நிலத்துக்காரர் சொன்னார். ஒருவர் மறுநாளே என்னைக் கூப்பிட்டார். அவருடையதும் முட்டிக்கொண்டிருந்தது, 2 சென்டிமீட்டர் எடுத்தோம். மற்றவர் நடுகை முடியட்டும் என்கிறார். அவருடைய ஷாப்டுக்குக் கவர் இல்லை. வாரம் இரண்டு தடவை அவர் நிலத்தைத் தாண்டிப் போகிறேன், ஒவ்வொரு தடவையும் வண்டியை நிறுத்தி இறங்கிச் சொல்கிறேன். போன வியாழக்கிழமை ஹெக்ஸோ பிளேடையும் அளவு நாடாவையும் கையோடு கொண்டுபோனேன். "சனிக்கிழமை வாங்க பாஸ்" என்றிருக்கிறார்.